நண்பருக்காக வேண்டுதல்



மரக்காணம் என்றவுடன் உங்களுள் பலருக்கு உப்பே நினைவுக்கு வரும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இப்பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்வோர், வானத்தைத் தம்முள் காட்டும் உப்பளப் பாத்திகளையும், வரப்போரத்து வெண்குவியல்களையும் கண்டுதான் கடந்து செல்கின்றனர். கிறிஸ்தவ வாழ்வில் நண்பருக்காக ஜெபிப்பது என்பதுபற்றி இன்று பேச வந்த நான், இந்த உப்பளக் கரையிலிருந்தே பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

ஜெபம் என்பது தமக்கு வேண்டியதைக் கேட்பது மட்டுமன்று. பிறர்பொருட்டு இறைவன் முன்னே நிற்பதும் அதன் பெரும் பகுதியாகும். ஆலயங்களில் நோயுற்றோரையும் துயருற்றோரையும் நினைந்து வேண்டுகின்றனர். பவுலடிகள் தம் திருமுகங்களில் நண்பர்களுக்காகத் தாம் ஜெபிப்பதைச் சொல்வதோடு, தமக்காக மன்றாடும்படியும் அவர்களைக் கேட்டுக்கொள்கிறார். பிறருக்குக் கொடுப்பவரும் பிறரிடம் பெறவேண்டியவரே என்பதை இதனால் அறிகிறோம்.

ஆயினும், இவ்வழக்கத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எனக்கு நண்பர் இருவர். ஒருவர் மரக்காணத்துப் பாத்தியில் உப்பு வாருபவர். மற்றவர் திண்டிவனத்துக்கு மேற்கே மணிலா பயிரிடுபவர். கோடையில் ஒரு நல்ல மழை பெய்தால் உழவர் மனம் குளிர்கிறது. அதே மழையில், பல நாள் காத்துப் படிந்த உப்பு ஓர் இரவில் கரைகிறது. நீர் மீண்டும் உவர் ஏறும்வரை உப்பளத்தில் வாருவதற்கு ஒன்றுமில்லை, கூலியும் இல்லை. குயவனுக்கு ஒரு மகளையும் உழவனுக்கு ஒரு மகளையும் மணம் செய்துகொடுத்த தந்தையின் கதையை நாம் சிறுவயதில் கேட்டுச் சிரித்திருக்கிறோம். அந்தத் தந்தையின் நிலையில் முழந்தாளிடும்போது சிரிப்பு வருவதில்லை. இருவர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லும் நான், இறைவனிடம் எதைக் கேட்பது? வெயிலையா, மழையையா?

பேரிடர் வரும் நாளில் இக்கேள்வி எழுவதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உப்பளமும் வயலும் ஒருங்கே மூழ்கிய அந்நாளில் எல்லாருக்காகவும் ஒன்றையே கேட்கலாம். அன்றாட நாட்களில்தான் ஒருவர் நலம் மற்றொருவர் நட்டமாகிறது.

இதற்கு விடையை நான் லூக்கா நற்செய்தியில் காண்கிறேன். பேதுருவுக்குப் பெருஞ்சோதனை வரவிருப்பதை இயேசு அறிந்திருந்தார். அச்சோதனை வாராதொழிக என்று தாம் வேண்டியதாக அவர் சொல்லவில்லை. பேதுருவின் விசுவாசம் அற்றுப்போகாதிருக்க வேண்டும் என்றே மன்றாடியதாகக் கூறுகிறார். திரும்பி வந்தபின் தம் சகோதரரைத் திடப்படுத்தும் பணியையும் அவருக்குத் தருகிறார். நண்பரைச் சூழ்ந்த வானிலையைவிட, அவ்வானிலையின் கீழ் நிற்கும் நண்பரே இங்கு முதன்மை பெறுகிறார். மழை பெய்யினும் வெயில் காயினும் என் நண்பர் நிலைகுலையாதிருக்க வேண்டும், அவர் வீட்டு அடுப்பு அணையாதிருக்க வேண்டும் என்று இருவருக்காகவும் முரணின்றி நான் கேட்கலாம்.

அப்படிக் கேட்டபின் வாளா இருக்க முடியுமா? உப்பு எப்படி விளைகிறது என்று பாருங்கள். உப்பளத் தொழிலாளி உப்பைப் படைப்பதில்லை. தரையை மிதித்து இறுக்குகிறார், வரப்பைக் காக்கிறார், உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிப் பாய்ச்சுகிறார். வெயிலும் காற்றும் நீரைக் கவர்ந்து செல்ல, உப்பு பூக்கிறது. விளைவிப்பது அவர் கையில் இல்லை. ஆனால் வரப்புக் கட்டாத நிலத்தில் எவ்வளவு வெயில் காய்ந்தாலும் வாருவதற்கு உப்பு இராது. ஜெபமும் அத்தகையதே. பயனைத் தருபவர் இறைவன். வரப்புக் கட்டுவது நம் வேலை. மழை பெய்த மறுநாள் உப்பளத்து நண்பர் வீட்டு வாசலில் போய் நிற்பது அந்த வரப்பின் ஒரு பகுதி.

இன்னொரு கேள்வியும் உண்டு. நண்பர் வேறு சமயத்தவராயின் அவருக்காக எப்படி வேண்டுவது? இதற்கு நம் தஞ்சையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1750ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியப் போதகர் சுவார்ட்ஸ், தஞ்சை மன்னர் துளஜாவின் நண்பரானார். ஐதர் அலியுடன் போர் நடந்த பஞ்சகாலத்தில், அரசாங்கத்தின் வாக்கை நம்பாத ஊரார் சுவார்ட்சின் வாக்கை நம்பித் தானியம் கொணர்ந்தனர் என்பது வரலாறு. 1787இல் துளஜா மறையும் தறுவாயில், தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை அவர் பாதுகாப்பில் ஒப்படைத்தார். தம் நண்பர்கள் கிறிஸ்துவை ஏற்க வேண்டும் என்ற விருப்பம் சுவார்ட்சுக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் சரபோஜி இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். அதனால் நட்பு குறைந்ததா? 1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் மறைந்தபோது சரபோஜி கண்ணீர் விட்டார். பின்னர் பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு நினைவுச் சின்னம் செய்வித்தார். மரணப் படுக்கையிலிருக்கும் முதியவரின் கையைச் சரபோஜி பற்றியிருக்கும் அப்பளிங்குச் சிற்பத்தைத் தஞ்சைத் தேவாலயத்தில் இன்றும் காணலாம். கேட்டது கிடைத்தால்தான் நட்பு என்று வைத்திருந்தால், அச்சிற்பம் எழுந்திராது.

யோபுவின் கதையும் இதையே வேறு வகையில் உணர்த்துகிறது. ஆறுதல் சொல்ல வந்த நண்பர் மூவர், நீ செய்த பாவத்தால்தான் இத்துன்பம் என்று அவரைக் குற்றம் சாட்டினர். முடிவில், அந்நண்பர்களுக்காக யோபு வேண்டுதல் செய்தபோதே அவருடைய சிறையிருப்பு மாறியது என்கிறது விவிலியம். தம்மைப் புண்படுத்தியவர் பெயரை இறைவன் முன் சொல்வது எளிதன்று. சொல்லச் சொல்ல, அவர்மேல் உள்ள கசப்பு மெல்லக் கரைகிறது.

நேயர்களே, உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் நாடு நம் நாடு. அந்நினைவை நாள்தோறும் பெயர் சொல்லி இறைவன் முன் வைப்பதே கிறிஸ்தவர் கூறும் மன்றாட்டு. நீங்கள் எச்சமயத்தவராயினும், இன்றிரவு உறங்குமுன் ஒரு நண்பரின் பெயரை நினையுங்கள். நாளை அவர் வீட்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.