ஊழியரோடு ஊர் மாறும் மேசை



சித்தூர் மாவட்டம் தோன்றியது 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அதன் திருத்தணிப் பகுதி அந்நாளைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு நகரும்போதெல்லாம் அலுவலகங்களும் அவற்றில் பணிபுரிவோரும் நகர வேண்டியிருக்கிறது. முன்னாளில் மாற்றலாகிச் செல்லும் குமாஸ்தா தம் பேனாவையும் கைக்குறிப்பேட்டையும் பையில் போட்டுக்கொண்டு புறப்படுவார். இன்று அவருடைய வேலைக் கருவிகளெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. அவற்றைப் பையில் போடுவது எவ்வாறு?

இதற்கென விண்டோஸில் ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் ரோமிங் யூசர் புரொஃபைல். 'உலாவரும் மேசை' என்று இதனைச் சொல்லிப் பார்க்கலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தொடர் முழு நிறைவு தரவில்லை. ஆயினும் பொருள் விளங்கும்.

ஓர் அலுவலகத்தின் சர்வர் சித்தூரிலும் கிளை திருப்பதியிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊழியர் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டரின் முன் அமர்ந்து, தம் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுக்கிறார். உடனே சித்தூரிலுள்ள அவருடைய மேசையின் நகல் அக்கம்ப்யூட்டருக்கு வந்து சேர்கிறது. மாலையில் லாக் ஆஃப் செய்யும்போது, அன்று மாறியவை சர்வருக்குத் திரும்பிச் செல்கின்றன. போக்கும் வரவும் ஒழுங்காக நடக்கும்வரை இப்படியொன்று நடப்பதே நமக்குத் தெரிவதில்லை.

ஒரு நாள் காலை லாகின் செய்தால் மேசை வெறுமையாக இருக்கிறது. நேற்று வைத்த கடிதங்களைக் காணோம். தற்காலிக புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள் என்று மூலையில் ஓர் அறிவிப்பு தோன்றி மறைகிறது. பலர் அதனைப் படிப்பதில்லை. கடிதங்கள் அழிந்துவிட்டனவோ என்று அஞ்சுவோர் சிலர். ஒன்றும் நடவாததுபோல் புதிய வேலையைத் தொடங்குவோர் சிலர். இரண்டாமவர்க்கே நட்டம் மிகுதி. பழைய கடிதங்கள் பெரும்பாலும் சர்வரில் பத்திரமாகவே இருக்கும். ஆனால் தற்காலிக மேசையில் அன்று வைப்பதெல்லாம் லாக் ஆஃப் செய்தவுடன் துடைக்கப்பட்டுவிடும். ஆகவே அந்த நிலையில் எதையேனும் எழுதிவிட்டிருந்தால், வெளியேறுமுன் அதனை அலுவலகத்தின் பொது போல்டரில் நகலெடுத்து வைப்பதே முதற்கடமை. ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதெல்லாம் அதற்குப் பின்னர்.

விண்டோஸ் தன் துன்பங்களை ஈவென்ட் வியூவர் என்னும் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறது. அதில் 1511 என்ற எண் இருந்தால், மேற்சொன்ன தற்காலிக மேசை என்று அறியலாம். 1521 என்று இருந்தால் சங்கதி வேறு. சர்வரிலுள்ள நகல் கிட்டவில்லை. அக்கம்ப்யூட்டரில் முன்பு தங்கிய பிரதியைக் கொண்டு வேலை நடக்கிறது என்பது அதன் பொருள். அன்றைய மாற்றங்கள் அழிவதில்லை. ஆனால் சர்வருக்கும் செல்வதில்லை. மறுநாள் வேறோர் ஊரில் அமர்ந்து அவற்றைத் தேடினால் எங்ஙனம் கிடைக்கும்?

1521க்குக் காரணம் பெரும்பாலும் நெட்வொர்க், அல்லது சர்வரில் அவ்வூழியரின் போல்டருக்குரிய அனுமதி. 1511க்குப் பல வேளைகளில் அந்தக் கம்ப்யூட்டரிலுள்ள பிரதியே காரணமாகும். ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல் லிஸ்ட் என்னும் பகுதியில் ஊழியரின் அடையாள எண்ணின் கடைசியில் '.பாக்' என்ற ஒட்டு சேர்ந்திருக்கக் காணலாம். அதனைச் சீர்செய்வது நிர்வாகியின் வேலை. நாம் கை வைக்கலாகாது.

மேசை வந்து சேர நெடுநேரம் ஆகிறது என்ற குறையைப் பல அலுவலகங்களில் கேட்கிறோம். திருமண வீடியோவை டெஸ்க்டாப்பில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை வைவதில் நியாயமில்லை. அதுவும் சேர்ந்தன்றோ பயணம் செய்கிறது! டாக்குமென்ட்ஸ் போன்ற போல்டர்களைச் சர்வரிலேயே நிலையாக இருக்கச் செய்யும் முறை ஒன்றுண்டு. நிர்வாகி அதனை அமைத்துவிட்டால் சுமை குறையும். மேலும், ஒரே வேளையில் இரு கம்ப்யூட்டர்களில் லாகின் செய்திருப்பவரின் அமைப்புகளுள், கடைசியில் லாக் ஆஃப் செய்த கம்ப்யூட்டரில் இருந்தவையே நிற்கும். முன்னதில் செய்த திருத்தம் மறைந்துவிடும்.

ஓர் அலுவலகத்தில் விண்டோஸ் 7 உள்ள கம்ப்யூட்டர்களும் விண்டோஸ் 10 உள்ளவையும் கலந்திருந்தால், ஒருவர்க்கே சர்வரில் இரண்டு மேசைகள் உண்டாகும். முன்னதன் பெயர் 'வி2' என்றும், 2016க்குப் பிந்திய விண்டோஸ் 10இன் மேசை 'வி6' என்றும் முடியும். ஒன்றில் வைத்தது மற்றொன்றில் தோன்றாது. இது பழுதன்று, அமைப்பே அவ்வாறானது. விண்டோஸ் 11 அதே வி6ஐப் பயன்படுத்துவதால், 10இலிருந்து அதற்கு மாறுவோர்க்கு இத்தொல்லை இல்லை.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் நம்மைத் தனியாகத் தொடும் செய்திக்கு வருகிறேன். திருப்பதிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் யாத்திரிகர் திரளானோர். அவர்களுக்காகத் தமிழில் ஓர் அறிவிப்புத் தயாரிக்கும் ஊழியர், சித்தூரில் அதனை அழகாக எழுதி முடித்துவிட்டுத் திருப்பதியில் திறக்கிறார். தமிழ் எழுத்துகள் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் பொருளின்றிக் கலைந்து கிடக்கின்றன. புரொஃபைல் கெட்டுவிட்டது என்று முறையிடுகிறார். உண்மையில் புரொஃபைலில் குற்றமில்லை.

உலாவரும் மேசைக்கு இரு அறைகள் உண்டு: ரோமிங் என்பது பயணம் செய்யும், லோக்கல் என்பது இருந்த இடத்திலேயே தங்கிவிடும். வேர்டில் நாம் சேர்த்து வைக்கும் சொற்பட்டியல் ரோமிங்கில் இருப்பதால் உடன் வரும். மொழிபெயர்ப்போர்க்கு இது பெரிய உபகாரம். கீபோர்டில் தமிழைத் தேர்ந்தெடுத்த அமைப்பும் வரும். ஆனால் 2018ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 பதிப்பு முதல், நாம் சாதாரணமாக நிறுவும் ஃபான்ட் லோக்கல் அறைக்குள் போய்விடுகிறது, ஆகவே பின்தங்கிவிடும். பாமினி போன்ற பழைய ஃபான்டில் எழுதிய கடிதமாயின், அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். தனியாக நிறுவிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்தாக வேண்டும்.

எனவே அங்கு நிர்வாகியிடம் கேட்க வேண்டியது, ஃபான்டை எல்லாப் பயனர்க்குமாக ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நிறுவித் தரும்படி. அதனினும் நன்று, அறிவிப்பை யூனிகோடில் எழுதுவது. விண்டோஸ் 2000இல் லதா ஃபான்ட் வந்த நாள் தொட்டு, யூனிகோடுத் தமிழுக்கு உரிய எழுத்துரு விண்டோஸுடனேயே வருகிறது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா என்னும் ஃபான்டும் உண்டு. நிர்வாகிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அவரிடம் செல்லும்போது கம்ப்யூட்டரின் பெயர், லாகின் செய்த நேரம், ஈவென்ட் வியூவரில் கண்ட எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அவர்க்கு வேறு விளக்கம் அதிகம் தேவைப்படாது.