நாற்பதில் வந்த நாள்



"மெக்கானிக்கல்காரர் யாராவது முதல் வண்டியைப் பற்றிப் பேசுங்க, கலகலப்பா இருக்கும்" என்று சங்கச் செயலாளர் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் என் முதல் வண்டிக் கதையில் கலகலப்பு பாதி வரைக்கும்தான்.

நம் விடுதிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை எங்கள் செட்டுக்கு நினைவிருக்கும். 2007இல் அங்கே நின்ற வண்டிகள் எல்லாம் அப்பாக்களின் வண்டிகள். ஒரு டிவிஎஸ் 50. ஒரு பழைய புல்லட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இரவல் வாங்கிப் போனவன் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்து, மெஸ் சுவரோடு போய் நின்றான். எங்கள் தெர்மல் பேராசிரியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் வைத்த பத்மினியில் வருவார். மழை நாளில் அதைத் தள்ளிவிட்டவர்களுக்கு இன்டர்னல் மார்க் கூடும் என்று ஒரு நம்பிக்கை. கூடவில்லை சார்!

என்னுடையது யமஹா ஆர்எக்ஸ் 100. அப்பா 1992இல் வாங்கியது. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் வந்த வண்டி அது. 98 சிசி, சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் 50 மில்லிமீட்டர். பதினோரு குதிரை சக்திதான். ஆனால் வண்டியின் எடை நூறு கிலோ சொச்சம்தானே, அதனால் பறக்கும். கிக்கரைக் கையால் அழுத்தினாலே ஸ்டார்ட் ஆகும். ராஜபாளையத்தில் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா, பதினைந்து வருடமாக ஐம்பதைத் தாண்டி அதை ஓட்டியதில்லை. போட்ட பெட்ரோல், மாற்றிய ஸ்பார்க் பிளக் எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வண்டியைத் துடைக்கும்போது யாரும் பக்கத்தில் போய்ப் பேச மாட்டோம்.

நான் இரண்டாம் வருடம் வந்ததும், அந்த வண்டியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சியிடம் விட்டு, சைலன்சரில் கரி எடுத்து, ஆயில் பம்பையும் பார்த்து வைத்தார். "மதுரை போனதும் ஆயில் டேங்கை நிரப்பிரு" என்று தனியாகப் பணமும் தந்தார்.

தம்பிகளுக்காக ஒரு நிமிடம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் அடியில் தங்கி, திரும்பத் திரும்ப சுற்றி வரும். இரண்டு ஸ்ட்ரோக்கில் அந்த அடிப்பகுதி வழியாகத்தான் பெட்ரோலும் காற்றுமே மேலே போகிறது. ஆகவே ஆயில் அதோடு கலந்து போய், எரிந்து, புகையாக வெளியேறிவிடும். டிவிஎஸ் 50இல் பெட்ரோலோடு நாமே கலக்க வேண்டும். ஆர்எக்ஸில் தனி டேங்க், தனி பம்பு. டேங்க் காலியானாலும் வண்டி நிற்காது, நன்றாகவே ஓடும். ஆபத்தே அதுதான்.

இதை நான் 2008 செமஸ்டரில் படத்தோடு எழுதினேன், பதினாறு மார்க் கேள்வி. எழுதிய அதே மாதம், ஆயிலுக்கு வாங்கிய பணம் புரோட்டாக் கடைக்கும் சினிமாவுக்கும் போயிருந்தது.

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், கிருஷ்ணன்கோவில் தாண்டி டி.கல்லுப்பட்டிக்கு முன்னால், எழுபதில் போய்க்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் லேசாக மெலிந்தது. அடுத்த நொடி பின் சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி இறுகி, ரோட்டில் கோடு கிழித்தது. கிளட்சைப் பிடித்ததால் பிழைத்தேன். அலுமினிய பிஸ்டன், வார்ப்பிரும்பு சிலிண்டரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நடுவில் ஆயில் படலம் இல்லையென்றால் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துவிடும். வெயிலில் வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, என் விடைத்தாளில் நான் போட்ட படம்தான் கண் முன்னால் வந்தது.

மினி லாரியில் ஏற்றி மதுரை கொண்டுவந்தோம். ரூமில் நாலு பேர் மெஸ் பணத்தைப் போட்டார்கள் (மூன்று பேர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், இன்னும் பாக்கி இருக்கிறதாம்). லேத்தில் சிலிண்டரைக் குடைந்து, 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்கள். "ஐந்நூறு கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதே" என்றார் பட்டறைக்காரர்.

ஒழுங்காக நாற்பதிலேயே ஊருக்குப் போனேன். அப்பா திண்ணையில் இருந்தார். முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு புகையைப் பார்த்தார். "நீ மெதுவா வர்ற ஆளு இல்லையேடா. போர் பண்ணியிருக்கியா?"

ஆமாம் என்றேன். ஆயில் போட்டாயா என்றார். போட்டேன் என்றேன். "அப்போ பம்புல காத்து புகுந்திருக்கும். அவன் சரியா மாட்டலை" என்று அவரே சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்பா நேராக அண்ணாச்சி கடைக்குப் போனார். கூட நானும் போனேன். தெருவில் நாலு பேர் பார்க்க, அப்பா சத்தம் போட்டு அன்றுதான் பார்த்தேன். அண்ணாச்சி பக்க மூடியைக் கழற்றிப் பம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தப்பா இருந்தா மன்னிச்சிருங்க சார்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அப்பா அந்தக் கடைக்குப் போகவே இல்லை. பதினைந்து வருடப் பழக்கம்.

படித்து முடித்தேன், வேலைக்குப் போனேன். இன்று எஞ்சின் பழுதுக்குக் காரணம் கண்டுபிடித்து அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு! 'யார் தவறு' என்ற கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் அந்தத் தெரு ஞாபகம் வரும். 2019இல்தான் தைரியம் வந்து, அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். கடையை மகனிடம் விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும் தம்பி. பம்பு ஸ்குரூவுல நான் வச்ச பெயிண்ட் பொட்டு கலையாம இருந்துச்சு. ஒருத்தனும் கழட்டலை, ஒண்ணும் ரிப்பேர் இல்லை. அதைச் சொன்னா வீட்ல உனக்கு அடி விழும்னு விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா சார் அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை. அதுதான் ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றார்.

அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வண்டி இப்போதும் வீட்டில்தான் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை துடைப்பும் நடக்கிறது. செயலாளர் இந்தப் பேச்சை மலரில் அச்சிடப் போவதாகச் சொல்கிறார். மலர் ஒவ்வொரு தடவையும் ராஜபாளையம் முகவரிக்குத்தான் தபாலில் போகிறது. அப்பா அட்டை முதல் கடைசி விளம்பரம் வரை விடாமல் படிப்பார். தெரிந்துதான் இங்கே பேச ஒத்துக்கொண்டேன்.