வெள்ளிக்கிழமை மதியம்



வடக்குப்பட்டுக் கல்லூரிப் பட்டமளிப்பில் பேசுகிறவர் ஆலைகளைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். பக்கத்து ஒரகடத்து ஆலைகளை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது நாடாளுமன்றத்துச் சிறு கட்சி எம்.பி.க்களைப் பற்றி. பெரிய ஆலையில் ட்ரெய்னியாக நுழையப்போகிறவர்களுக்கு அந்தக் கதை ஒத்துவரும்.

1957 தேர்தலில் மக்களவைக்கு 494 இடங்கள். தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டு: நாமக்கல்லில் ஈ.வெ.கி. சம்பத், திருவண்ணாமலையில் இரா. தர்மலிங்கம். விவாதங்களில் கட்சியின் பலம் பார்த்துத்தான் நேரம் பிரிப்பார்கள். இரண்டு பேர் என்றால், தொண்டையைச் செருமுவதற்குள் மணி அடித்துவிடும்.

வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் வேறு. அன்றைக்குக் கடைசி இரண்டரை மணி நேரம் அமைச்சரல்லாத உறுப்பினர்களின் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரியது. பெரும்பாலோர் தொகுதிக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். அவை காலியாகும்போது நம் ஆளுக்கு வாய்ப்பு வருகிறது!

1959 ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. ஆங்கிலோ இந்திய நியமன உறுப்பினர் ஃபிராங்க் அந்தோணி, ஆங்கிலத்தை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்க்கச் சொல்லிக் கொண்டுவந்த தீர்மானத்தின்மீது விவாதம். இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு வாக்குக் கொடுத்தது அதில்தான். மறு ஆண்டு குடியரசுத் தலைவரின் மொழி ஆணை வந்ததும் இந்தி திணிக்கப்படும் என்ற பழைய பயம் திரும்பியது; தி.மு.க. கறுப்புக் கொடிப் போராட்டம் அறிவித்தது. இரண்டு பேர் கட்சியின் சம்பத்துக்குப் பிரதமரே கடிதம் எழுதி, கொடுத்த வாக்கு நிற்கிறது என்றார். போராட்டம் கைவிடப்பட்டது. மேடைப் பேச்சை மறுக்கலாம், கையெழுத்திட்ட கடிதத்தை மறுப்பது கஷ்டம்.

1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. நேரு கொடுத்த வாக்குக்கு அது போதாது என்று அன்றைக்கு வாதாடியவர்களில் ஒருவர், முந்தைய ஆண்டு காஞ்சிபுரத்தில் சட்டமன்றத் தேர்தலில் தோற்று மாநிலங்களவைக்குப் போயிருந்த அண்ணா. போதாத அந்தச் சட்டம் பிற்பாடு பயன்பட்டது. மதுரை எம்.பி. சு. வெங்கடேசன், மக்களவையில் மூன்றே பேர் இருந்த மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், சி.ஆர்.பி.எஃப். தேர்வு மையம் பற்றி மத்திய அரசுக்கு ஆங்கிலத்தில் எழுதினார். பதில் இந்தியில் வந்தது. அவர் தொடுத்த வழக்கில் 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தச் சட்டத்தைக் காட்டியே, ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கிலத்தில்தான் பதில் தரவேண்டும் என்றது.

இன்னொரு வெள்ளிக்கிழமை, 2015 ஏப்ரல் 24. தி.மு.க.வுக்கு மக்களவையில் ஒருவரும் இல்லாத காலம். மாநிலங்களவையில் திருச்சி சிவா, திருநர் உரிமை மசோதாவை வைத்திருந்தார். அமைச்சரல்லாதவர் கொண்டுவரும் தனிநபர் மசோதா என்றால் எல்லாரும் பேசுவார்கள். அமைச்சர் திரும்பப் பெறச் சொல்வார். உறுப்பினர் நன்றி சொல்லித் திரும்பப் பெறுவார். கல்யாண வீட்டில் 'இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள்' என்பது மாதிரிச் சம்பிரதாயம். அன்றைக்கும் அமைச்சர் கேட்டார். சிவா மாட்டேன் என்றார். குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையைத் தாண்டியது அதுவே முதல்முறை. மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு தன் பங்குக்கு ஒரு மசோதா கொண்டுவந்து, 2019இல் சட்டமாக்கியது. சிவா கேட்ட இட ஒதுக்கீடு அதில் இல்லை, திருநர்கள் பலர் அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். அதை வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த மதியம் இல்லாமல் திருநர் உரிமைச் சட்டம் என்ற பேச்சே டில்லியில் எழுந்திருக்காது என்பது என் கணிப்பு.

கேள்வி நேரமும் இப்படித்தான். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 230. குலுக்கலில் தேர்வு; குலுக்குகிற பெட்டிக்குக் கட்சி பேதம் தெரியாது. பரிசீலிக்கிறோம் என்று அமைச்சர் நழுவினால், அது நிறைவேறியதா என்று துரத்த அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது.

சிறு கட்சி எம்.பி.க்குக் கேள்வி தயாரித்துக் கொடுக்கப் பெரிய ஆய்வுக் குழு கிடையாது. உங்களுக்கு லைனில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியைத் தெரியும், அவருடைய பி.எஃப். பிடித்தமும் ஷிப்ட் பஸ்ஸும் தெரியும். ஒரே பக்கத்தில், எண்ணிக்கையும் ஆண்டும் போட்டு அந்த எம்.பி.க்கு எழுதி அனுப்புங்கள். கேள்வி 15 நாள் முன்னதாகவே அவையின் செயலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதைக் கணக்குப் பார்த்து அனுப்புங்கள்.