இரைப்பு நோயும் கடலில் மூழ்குதலும்



கடலோரத்தில் வாழ்ந்தும் சென்னை மக்களாகிய நாம் கடலைக் கரையில் நின்று காண்பதோடு நிறைவு கொள்கிறோம். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உள்ளோர் காற்று வாங்க மாலையில் மணற்பரப்புக்குச் செல்வர். இன்றைய இளைஞர்களோ கடலின் அடியையும் கண்டு வர விழைகின்றனர். முதுகிலே காற்றுக் கலத்தைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபா முறையைப் பயில அந்தமானுக்கும் புதுச்சேரிக்கும் பலர் செல்கின்றனர்.

தியாகராய நகரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம், "ஐயா, எனக்குச் சிறு வயது முதல் இழுப்பு உண்டு. மூழ்குவதற்கு முன் தரும் படிவத்தில் 'ஆஸ்துமா உண்டா?' என்று கேட்கிறார்கள். 'இல்லை' என்று எழுதிவிட்டால் என்ன?" என்று வினவினார். ஒரு சொல்லால் விடையிறுக்கத்தக்க வினா அன்று இது. உயிரைப் பற்றிய வினா.

முதலில் நம் முத்துக் குளிப்போரை எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடிக் கடலில் அவர்கள் மேலேயே மூச்சை நிரப்பிக்கொண்டு, அதனை அடக்கி மூழ்கினர். ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் அம்மூச்சு சுருங்கும்; மேலே வருங்கால் பழைய அளவை அடையும்; அதற்கு மேல் விரியாது. 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, காஞான் என்னும் இருவர் அமைத்த கருவியோ, ஆழத்தின் அழுத்தத்திற்கு ஏற்ப அழுத்திய காற்றை அங்கேயே மூச்சாகத் தருவது. வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நிலத்தில் உள்ளதைப் போல் இரு மடங்கு. அங்கே 3 லிட்டர் காற்றை உள்ளிழுத்து, அதனை வெளிவிடாமல் மேலே வந்தால், அது 6 லிட்டராக விரிய முயலும். ஆதலின் மூழ்குவோர்க்கு முதற் பாடம், 'மூச்சை அடக்காதே' என்பதாம்.

நலமுடையோர் இப்பாடத்தைப் பின்பற்றலாம். இரைப்பு நோயாளியின் நிலை யாது? நோய் எழும்போது மூச்சுக் குழல்கள் சுருங்குகின்றன, சளி அடைக்கிறது. உட்சென்ற காற்று வெளிவர வழியின்றித் தங்குகிறது. அவர் மூச்சை அடக்காவிடினும் நுரையீரலின் ஒரு பகுதி தானே அடக்கிக்கொள்கிறது! ஏறும்போது அக்காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கலாம். குமிழிகள் குருதியிற் கலந்து மூளையை அடையலாம். ஆகவே, பெரிய இடர் இறங்குவதில் அன்று, ஏறுவதில் உள்ளது.

இழுப்பைத் தூண்டும் காரணங்களும் அங்கே பல. கலத்துக் காற்று வறண்டது, குளிர்ந்தது. ஆழம் மிக மிக அது அடர்ந்து, மூச்சு வாங்குதல் கடினமாகிறது. உப்பு நீர்த் திவலைகள் உட்புகலாம். உடலுழைப்பும் அச்சமும் உடன் சேரும். நிலத்தில் இழுப்பு வந்தால் அமர்ந்து மருந்தை உறிஞ்சலாம். நீருக்கடியில் அது இயலுமா?

அப்படியாயின் எவரும் மூழ்கலாகாதா? முன்னர் மருத்துவர் பலர் அவ்வாறே விலக்கினர். பின்னர் கருத்துச் சற்று மாறியது. பிரித்தானிய நெஞ்சகச் சங்கம் 2003இல் வெளியிட்ட நெறிகளின்படி, நோய் நன்கு கட்டுப்பட்டு, மூச்சுச் சோதனை இயல்பாக இருந்து, உடற்பயிற்சிச் சோதனையிலும் இழுப்பு எழாதவர் மூழ்கலாம். உழைப்பாலோ குளிராலோ மனக்கலக்கத்தாலோ இழுப்பு வருபவர் மூழ்கலாகாது. மூழ்குவதற்கு முந்திய 48 மணி நேரத்தில் இழுப்பைத் தணிக்கும் மருந்து தேவைப்பட்டவரும் அன்று கரையிலேயே இருத்தல் வேண்டும். மருந்தை உறிஞ்சிவிட்டு உடனே குதிக்கலாம் என்பது பொருந்தாத எண்ணம்.

ஆகவே 'ஆம்' என எழுதுங்கள். அங்ஙனம் எழுதினால் மருத்துவச் சான்று கேட்பர், கேட்கட்டும். நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் சென்று மூச்சின் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். அவர் இசைந்தால் அச்சமின்றிச் செல்லலாம். மறுத்தால் மனக்குறையின்றி ஏற்றுக்கொள்ளலாம். தேர்வுத் தாளில் பொய் எழுதிய மாணவன் மதிப்பெண்ணை இழப்பான். இப்படிவத்தில் பொய் எழுதுபவர் உயிரையே இழக்கக்கூடும். அவரைக் காக்க முனையும் துணைவரையும் அப்பொய் இடருக்கு உள்ளாக்கும்.

கடல் எங்கும் போய்விடாது. உடலின் உண்மையை அறிந்த பின் அதனை அணுகுவோமாக.