சிவந்த ஆறு பாயும் சீமை: ஸ்பெயினின் உவெல்வா

இன்றைய பயண உரையில் ஸ்பெயின் நாட்டின் தென்மேற்குக் கோடிக்குப் போகிறோம். அந்தலூசியாவின் ஓரத்தில் உவெல்வா என்றொரு மாகாணம் இருக்கிறது. மேற்கே குவாதியானா ஆறு. அதைத் தாண்டினால் போர்ச்சுக்கல். கிழக்கே செவில் மாகாணம். தெற்கே அட்லாண்டிக் பெருங்கடல். வடக்கே சியரா மொரேனா மலைத்தொடர். பரப்பளவு சுமார் 10,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 5 லட்சத்துக்குச் சற்று மேல். 1833-இல் ஸ்பெயினை மாகாணங்களாகப் பிரித்தபோது, பழைய செவில் அரசின் மேற்குப் பகுதியைப் பெரும்பாலும் கொண்டு அமைத்த மாகாணம் இது.

அந்தலூசியாவுக்கு வருகிறவர்கள் கிரனாடாவின் அரண்மனையையும் கோர்தோபாவின் பெரிய பள்ளிவாசலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உவெல்வா பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் உலக வரலாற்றை நினைத்துப் பார்த்தால், இந்தச் சின்ன மாகாணத்துக்கு நாம் எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் கடன்பட்டிருக்கிறோம். ஏறத்தாழ 3,000 ஆண்டுகளாக இந்த மண் தன்னிடம் இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது: வெள்ளி, செம்பு, கந்தகம், மாலுமிகள், இப்போது பழங்கள். அதற்கான விலையை ஒவ்வொரு முறையும் கட்டியது அதன் நீரும் காற்றும்தான். வடக்கே மலையில் தொடங்கித் தெற்கே கடல் வரை இறங்கிப் போவோம்.

வடக்கே இருப்பது அராசேனா மலைப்பகுதி. தெற்கு ஸ்பெயின் என்றால் வறண்ட வெயில் நிலம் என்று நினைத்திருப்பவர்களுக்கு இங்கே வியப்பு காத்திருக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மழையாகக் கொட்டுகிறது. அதனால் செஸ்ட்நட் தோப்புகள், கார்க் மரங்கள், ஓக் மரங்கள் என்று எங்கும் பசுமை. வெள்ளையடித்த வீடுகள் கொண்ட சிற்றூர்கள் மலைச்சரிவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். அல்மோனாஸ்தெர் என்ற ஊரில் குன்றின் உச்சியில் 10-ஆம் நூற்றாண்டுப் பள்ளிவாசல் ஒன்று நிற்கிறது. முஸ்லிம்கள் இந்த நாட்டை ஆண்ட காலத்தின் எச்சம். ரோமானியத் தூண்களை எடுத்துவந்து நிறுத்திக் கட்டியிருக்கிறார்கள். பின்னர் அதையே தேவாலயமாக்கிக் கொண்டார்கள். மூன்று காலங்களும் ஒரே சின்னக் கூடத்துக்குள் இருக்கின்றன. அராசேனா ஊருக்கு அடியிலேயே சுண்ணாம்புக்கல் குகை ஒன்று நீண்டு கிடக்கிறது. 1914-இலேயே அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

இந்த மலையில் ஹபூகோ என்று ஓர் ஊர். அந்தப் பெயரைச் சொன்னாலே ஸ்பெயின்காரர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். ஓக் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் கொட்டைகளை மேய்ந்து வளரும் கறுப்புப் பன்றிகளின் தொடை இறைச்சியை உப்பிட்டு, மலைக்காற்று வீசும் நிலவறைகளில் தொங்கவிட்டு, ஆண்டுக்கணக்கில் பதப்படுத்துகிறார்கள். பக்குவம் வந்துவிட்டதா என்று பார்க்கிற முறை மிக நுட்பமானது. எலும்பில் செதுக்கிய மெல்லிய ஊசி ஒன்றை இறைச்சிக்குள் குத்தி எடுத்து, உடனே மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார் தேர்ந்த கைக்காரர். நம் ஊர் அரிசி மண்டியில் மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்ப்பார்களே, அதே வேலைதான். இங்கே கண்ணுக்குப் பதில் மூக்கு. அந்த மணத்தை வைத்தே இன்னும் எத்தனை மாதம் தொங்க வேண்டும் என்று அவர் சொல்லிவிடுவார்.

மலையை விட்டுத் தெற்கே இறங்கினால் நிலத்தின் நிறமே மாறிவிடும். பச்சை மறைந்து மஞ்சள், காவி, ஊதா, கரும்பழுப்பு என்று மண் திட்டுகள் வரும். இது சுரங்கச் சீமை. ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலடி எரிமலைகளின் வெந்நீர் ஊற்றுகள் இங்கே இரும்பும் செம்பும் கந்தகமும் கலந்த தாதுக்களைக் கொட்டி வைத்தன. உலகின் மிகப் பெரிய பைரைட்டுப் படுகைகளில் ஒன்று இது. இதன் நடுவிலிருந்துதான் டின்டோ ஆறு புறப்படுகிறது.

நேயர்களே, இந்த ஆற்றங்கரையில் நின்று பார்க்கிறவர்களுக்குத் தங்கள் கண்ணையே நம்ப முடியாது. தண்ணீர் ஆழமான இடத்தில் திராட்சை மதுவின் நிறத்தில் இருக்கும். ஆழமில்லாத இடத்தில் பித்தளை நிறத்தில் மின்னும். கரையோரக் கற்களில் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு பொருக்கு படிந்திருக்கும். மீன் கிடையாது. தண்ணீரின் அமிலத்தன்மை எலுமிச்சைச் சாற்றுக்கு இணையானது. ஆனால் அதிலும் உயிர் இருக்கிறது. இரும்பையும் கந்தகத்தையும் உணவாக்கிக்கொள்ளும் நுண்ணுயிரிகள் அதில் கோடி கோடியாக வாழ்கின்றன. அவைதான் தாதுவைக் கரைத்துத் தண்ணீரைச் சிவக்க வைக்கின்றன. சுரங்கம் தோண்டுவதற்கு முன்பே, மனிதன் வருவதற்கு முன்பே, இந்த ஆறு சிவப்பாகத்தான் இருந்தது. தோண்டத் தோண்ட அமிலம் கூடியது. செவ்வாய்க் கோளில் உயிர் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அறிய நாசா விஞ்ஞானிகளும் ஸ்பெயின் விஞ்ஞானிகளும் இங்கே வந்து தரையைத் துளையிட்டுப் பார்த்தார்கள். இந்த ஆற்றங்கரையில் படியும் ஜரோசைட் என்ற கனிமத்தை 2004-இல் செவ்வாயிலும் ஒரு விண்கலம் கண்டுபிடித்தது.

வெள்ளிக்காகவும் செம்புக்காகவும் ஃபினீசியர்கள் இந்தக் கரைக்குக் கப்பலில் வந்தார்கள். பின்னால் ரோமானியர்கள் சுரங்கங்களை ஆழமாக வெட்டினார்கள். ஆழம் போகப் போகத் தண்ணீர் ஊறியது. அதை வெளியேற்ற, ஆள் உயரத்தைவிடப் பெரிய மரச்சக்கரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அமைத்து, படிப்படியாக நீரை மேலே ஏற்றினார்கள். அப்படிப்பட்ட ஒரு சக்கரம் உவெல்வா நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. இருட்டில், அமிலத் தண்ணீர் முதுகில் சொட்ட, அந்தச் சக்கரத்தைச் சுழற்றிய மனிதர்களின் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

1873-இல் பணமுடையில் இருந்த ஸ்பெயின் அரசு இந்தச் சுரங்கங்களைப் பிரிட்டிஷ் முதலாளிகள் தலைமையிலான குழுவுக்கு விற்றது. அப்படிப் பிறந்ததுதான் ரியோ டின்டோ நிறுவனம். அவர்கள் 2 ஆண்டுகளில் சுரங்கத்திலிருந்து உவெல்வா துறைமுகம் வரை 84 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டார்கள். கோர்த்தா அத்தலாயா என்ற திறந்தவெளிச் சுரங்கம் 350 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. ஆங்கிலேய அதிகாரிகளுக்கென்று பெய்யா விஸ்தா என்ற தனிக் குடியிருப்பு. விக்டோரியா காலத்துப் பாணி வீடுகள், தனித் தேவாலயம், சுற்றிலும் மதில். உள்ளூர்க்காரர்கள் வேலைக்காரர்களாக மட்டுமே உள்ளே போகலாம். காலனி ஆட்சியைப் பார்த்த நமக்கு அந்த மதிலை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து நான் சொல்லப்போவது 1888 பிப்ரவரி 4 அன்று நடந்தது. தாதுவிலிருந்து கந்தகத்தைப் பிரிக்க, திறந்த வெளியில் விறகும் தாதுவும் அடுக்கி மாதக்கணக்கில் எரித்தார்கள். கந்தகப் புகை பள்ளத்தாக்கு முழுவதும் கவிந்தது. பயிர் கருகியது, மரங்கள் பட்டுப்போயின, மூச்சு முட்டியது. புகை அடர்ந்து வேலை நடக்காத நாளில் தொழிலாளிக்குக் கூலியும் கிடையாது. புகையை நிறுத்தக் கோரி விவசாயிகளும், கூலியும் வேலை நேரமும் கேட்டுச் சுரங்கத் தொழிலாளர்களும் ஒன்றாகத் திரண்டார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் ரியோடின்டோ ஊரின் சதுக்கத்தில் கூடி நின்றபோது இராணுவம் சுட்டது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 13 பேர். நூற்றுக்கும் மேல் என்கிறது ஊர் நினைவு. சுற்றுச்சூழலுக்காக மக்கள் நடத்திய உலகின் முதல் பெரும் போராட்டங்களில் ஒன்றாக இதை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். மூச்சு விடுவதற்கான உரிமையைக் கேட்டு உயிர் கொடுத்தவர்கள் அவர்கள். உவெல்வா என்ற பெயரை நினைக்கும்போது முதலில் நினைக்க வேண்டியது அவர்களைத்தான்.

சுரங்கங்கள் 1954-இல் ஸ்பெயின்காரர்கள் கைக்குத் திரும்பின. செம்பு விலை வீழ்ந்து 2001-இல் வேலை நின்றது. 2015-இல் மறுபடி தொடங்கியது. பழைய இரயில் பாதையின் ஒரு பகுதியில் இப்போது சுற்றுலா இரயில் ஓடுகிறது. சிவந்த ஆற்றை ஒட்டியே போகும் அந்தப் பயணத்தைத் தவறவிடாதீர்கள்.

அந்த இரயில் பாதை முடிந்த இடம் உவெல்வா நகரம். டின்டோ ஆறும் ஓடியேல் ஆறும் சேர்ந்து கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது. தாதுவைக் கப்பலில் கொட்டுவதற்காக 1870-களில் மரமும் இரும்பும் கொண்டு ஓடியேல் ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய துறைமேடை ஒன்று உண்டு. 1975 வரை வேலை செய்தது. இப்போது மாலையில் ஊர் மக்கள் அதில் காலாற நடக்கிறார்கள், தூண்டில் போடுகிறார்கள். இந்த ஊரில் கணவாய் மீன் இல்லாத விருந்தே இல்லை. ஸ்பெயினில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் கால்பந்துக் கழகங்களில் மிகப் பழையதும் இந்த நகரத்துடையதுதான். சுரங்க நிறுவனத்தின் ஆட்கள் 1889-இல் தொடங்கிய ரெக்ரியாதிவோ கழகம் அது.

நகரத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வினோதக் கல்லறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர். 1943 ஏப்ரல் 30. உவெல்வா கடற்கரைக்கு அருகே ஒரு மீனவர் கடலில் மிதந்த உடலைக் கண்டெடுத்தார். பிரிட்டிஷ் மரைன் படை அதிகாரியின் சீருடை. உடலோடு பிணைத்த பெட்டியில் இரகசியக் கடிதங்கள். நேச நாடுகள் கிரேக்கத்தில் இறங்கப்போகின்றன என்று அவை காட்டின. ஜெர்மானிய உளவாளிகள் விழிப்பாக இருந்த துறைமுகம் என்பதாலேயே பிரிட்டிஷார் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய பொய் அது. ஹிட்லரின் படை நம்பியது. நேச நாடுகள் ஜூலையில் சிசிலியில் இறங்கின. அந்த உடல் கிளிந்தூர் மைக்கேல் என்ற வீடற்ற வேல்ஸ் நாட்டு ஏழையுடையது. அவருடைய உண்மைப் பெயர் கல்லறையில் ஏறியது 1998-இல்தான்.

நகரத்துக்கு எதிரே, டின்டோ ஆற்றின் மறுகரையில் லா ராபிதா மடமும் பாலோஸ் என்ற ஊரும் இருக்கின்றன. எல்லோரும் கைவிரித்த நிலையில் கொலம்பஸ் இந்த மடத்துக்கு வந்தார். துறவிகள் அவர் சொன்னதைக் கேட்டார்கள். அரசியிடம் அவருக்காகப் பேசினார்கள். ஆனால் கடலோடிகள் யாரும் ஒரு வெளியாளை நம்பிக் கப்பலேற முன்வரவில்லை. பாலோஸ் ஊரில் மதிப்புப் பெற்ற மாலுமி மார்த்தின் அலோன்சோ பின்சோன் இறங்கி வந்து பேசிய பிறகுதான் ஆட்கள் சேர்ந்தார்கள். 1492 ஆகஸ்ட் 3-ஆம் நாள் மூன்று கப்பல்கள் இந்தச் சிவந்த ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து புறப்பட்டன. 1492-ஐக் கொலம்பஸின் பெயரோடு மட்டும் படித்து வந்திருக்கிறோம். இந்த ஊர்களின் மீனவக் குடும்பங்கள் இல்லாவிட்டால் அந்தப் பயணமே இல்லை. அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்த மக்களுக்கு அந்தப் பயணம் எத்தனை பெரிய அழிவைக் கொண்டுபோனது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

பக்கத்தில் மொகேர். 1956-இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமேனெஸ் பிறந்த ஊர். அவருடைய மனைவி செனோபியா கம்ப்ருபிதான் 1915 முதல் நம் தாகூரை ஸ்பானிய மொழிக்குத் தொடர்ந்து கொண்டுசென்றவர். கவிஞரும் அதில் துணை நின்றார். ஸ்பானிய மொழி பேசும் உலகம் தாகூரைப் படித்தது பெரும்பாலும் இந்த இணையர் வழியாகத்தான்.

மொகேரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை பிளாஸ்டிக் கூடாரங்கள். உள்ளே ஸ்ட்ராபெரி. ஸ்பெயினில் விளையும் ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த மாகாணத்தினுடையது. ஒவ்வொரு பருவத்திலும் மொராக்கோவிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் குனிந்து பழம் பறிக்க வருகிறார்கள். குளிர்காலத்தில் ஐரோப்பியச் சந்தைகளில் சிவக்கும் அந்தப் பழத்துக்கு நிலத்தடி நீர் வேண்டும். அதே நீரைத்தான் பக்கத்தில் இன்னொன்றும் நம்பி இருக்கிறது: தொன்யானா சதுப்பு நிலம்.

குவாதல்கிவிர் ஆற்றின் முகத்துவாரத்தில் மணல்மேடும் பைன் காடும் நீர்ப்பரப்புமாக விரியும் தொன்யானா, 1969-இல் தேசியப் பூங்கா ஆனது. 1994-இல் உலகப் பாரம்பரியச் சின்னம். குளிர்காலத்தில் வடக்கு ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கில் பறவைகள் இங்கே இறங்குகின்றன. ஓரத்தில் எல் ரோசியோ என்ற சிற்றூர். தெருவெல்லாம் மணல், வீட்டு வாசலில் குதிரை கட்டும் கட்டை. பெந்தெகொஸ்தே திருநாளில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்தர் சபைகள் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் பாட்டோடு வந்து குவிகின்றன. கன்னி மரியாளின் சிலை விடியலில் தோளேறி வரும்.

இந்தச் சதுப்பு நிலம் வறண்டு வருகிறது. மழை குறைந்ததும், அனுமதியில்லாத கிணறுகள் பெருகியதும் காரணம். 2021-இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஸ்பெயினைக் கண்டித்தது. பூங்காவின் பெரிய நிரந்தரக் குளமான சாந்தா ஒலாயா 2022-இலும் 2023-இலும் அடுத்தடுத்துக் காய்ந்தது. விவசாயத்தை நம்பிய குடும்பங்களுக்கு மாற்று வழி தந்து கிணறுகளைக் குறைக்க, 2023 நவம்பரில் 140 கோடி யூரோ திட்டத்துக்கு மத்திய, மாநில அரசுகள் கையெழுத்திட்டன.

நம்பிக்கைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்பேன். காது நுனியில் கறுப்புக் குஞ்சம் வைத்த ஐபீரியச் சிவிங்கிப் பூனை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்த விலங்குகள் நூறுகூட இல்லாத நிலைக்கு வந்தது. தொன்யானாவின் எல் அசெபூச்சே மையத்தில் 2005 மார்ச்சில் முதன்முறையாகக் கூண்டில் குட்டிகள் பிறந்தன. முயல்களைப் பெருக்கினார்கள், சாலைகளுக்கு அடியில் பாதை அமைத்தார்கள், குட்டிகளைக் காட்டில் விட்டார்கள். இன்று ஐபீரியாவில் அவை 2,000-க்கும் மேல். 2024-இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இதை ஒரு படி கீழே இறக்கிவிட்டார்கள்.

போக நினைப்பவர்கள் இலையுதிர் காலத்தில் மலைக்கும், வசந்தத்தில் சதுப்பு நிலத்துக்கும் போகலாம். கோடையில் வெயில் கொளுத்தும். ரியோடின்டோ ஊரின் சுரங்க அருங்காட்சியகம், தொன்யானா இரண்டையும் பாருங்கள். ஒன்றை விட்டால் மற்றது விளங்காது. எடுத்ததற்கெல்லாம் கணக்கு ஒருநாள் வருகிறது, கணக்கைத் தீர்க்க மனம் வைத்தால் போனதும் திரும்புகிறது என்பதை இந்த மாகாணம் போல் தெளிவாகச் சொல்லும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. 1888-இல் சதுக்கத்தில் நின்றவர்கள் கேட்டது இதைத்தான். இன்று தண்ணீருக்காகப் பேசுகிறவர்கள் கேட்பதும் இதைத்தான். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.