ஊர்ப்பெயர் நம் உரிமைப்பெயர்

(அம்பத்தூரில் தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இக் கூட்டத்திற்கு நான் தொடர்வண்டியில் வந்தேன். வரும் வழியில் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் என மூன்று நிலையங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. அவற்றின் பெயர்ப்பலகைகளை நீங்கள் நாள்தோறும் பார்க்கின்றீர்கள், ஆனால் படித்திருக்கின்றீர்களா? கொரட்டூரில் ஒலிப்பது 'ட்ட'. அம்பத்தூரில் ஒலிப்பது 'த்த'. இவ்விரண்டு ஒலிக்கும் ஆங்கிலத்தில் 'டீ' என்னும் ஒரே எழுத்தை இரட்டித்து எழுதி வைத்திருக்கின்றார்கள். எனவே தமிழறியாத ஒருவர் கொரட்டூரைச் சரியாகப் படித்துவிட்டு, அடுத்து வரும் நம் ஊரை 'அம்பட்டூர்' என்கின்றார். ஆவடியை 'அவாடி' என்கின்றார். அவர்மேற் குற்றமில்லை. பிழைப்புத் தேடி வடக்கிலிருந்து நம் தொழிற்பேட்டைக்கு வரும் உழைப்பாளிக்கு முதல் ஆசிரியன் அந்தப் பலகையே. ஆசிரியன் பிழையாகக் கற்பித்தால் மாணவனை வைதென்ன பயன்?

"ஒரு பெயர்தானே! எப்படி எழுதினால் என்ன?" என்று கேட்போர் நம்முள்ளேயே உண்டு. அவர்களுக்கு விடை கூறவே இன்று வந்தேன்.

ஊர்ப்பெயர் என்பது வெறும் அடையாளக் குறியன்று. அஃது அவ்வூரின் முதல் வரலாற்று ஆவணம். அரசுகள் போயின, ஆட்சிமொழிகள் மாறின, பெயர் மட்டும் நின்றது. பாடியில் உள்ள திருவலிதாயத்தைத் திருஞானசம்பந்தர் பாடினார். திருமுல்லைவாயிலைச் சுந்தரர் பாடினார். இன்று உந்துவண்டி உறுப்புகளுக்குப் பெயர் பெற்ற பாடி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாட்டிற்குப் பெயர் பெற்ற ஊர். 1949-இல் மிதிவண்டித் தொழிற்சாலை அம்பத்தூருக்கு வந்தது. 1960-களில் தொழிற்பேட்டை எழுந்தது. இன்று அதே பேட்டையில் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. தொழில்கள் வரும், மாறும். ஊர்ப்பெயர்தான் நேற்றையும் இன்றையும் கட்டி வைக்கும் கயிறு. அதனை அறுத்துவிட்டால் நாம் வேரற்ற குடியிருப்பாளராகிவிடுவோம்.

அவ்வாறு அறுபடுவதற்கு ஆவடியே எடுத்துக்காட்டு. 'ஆவடி' என்பது போர் ஊர்திகளையும் அவற்றின் கிடங்கையும் குறிக்கும் ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே என்று படித்தவர்களும் சொல்லித் திரிகின்றனர். போர் ஊர்தித் தொழிற்சாலை அங்கு நிறுவப்பெற்றது 1961-இல். பேராயக் கட்சி தன் மாநாட்டை நடத்திச் சமன்மைக் குமுகாயம் பற்றிய புகழ்பெற்ற முடிவை எடுத்ததோ 1955 சனவரியில், அதே ஆவடியில்! பிள்ளை பிறப்பதற்கு ஆறாண்டு முன்பே தாய்க்குப் பிள்ளையின் பெயரை வைத்தார்களா? ஓர் ஊரின் மக்கள் தம் பெயரின் பொருளை மறந்தால், பிறர் தமக்கு வேண்டிய பொருளை அதிற் புகுத்திவிடுவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தத் தொழிற்சாலையின் அண்மைக் கதையையும் கேளுங்கள். நடுவணரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்தோபர் முதல் நாள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பெற்றன. அவற்றுள் ஒன்றன் தலைமையகம் ஆவடி. அதன் பெயரில் முன்னிரண்டு சொற்கள் ஆங்கிலம். அடுத்தது 'நிகம்' என்னும் வடசொல். முடிவில் மீண்டும் ஆங்கிலம். 'கழகம்' என்னும் நம் சொல் அவர்களுக்குக் கிட்டவில்லை. தமிழ் மண்ணிலே, தமிழன் வியர்வையிலே வளர்ந்த தொழிற்கூடத்தின் பெயரில் ஒரு தமிழ்ச்சொல்லுக்கு இடமில்லை! ஆங்கிலமும் இந்தியும் பங்கு போட்டுக்கொண்ட பெயரில் நம் பங்கு எங்கே?

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 2020 சூன் திங்களில் தமிழ்நாட்டரசு ஓர் ஆணையை வெளியிட்டது. 1018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். எழும்பூர் எழும்பூராகவும், அம்பத்தூர் அம்பத்தூராகவும், பூவிருந்தவல்லி பூவிருந்தவல்லியாகவும் ஆங்கில எழுத்திலும் ஒலிக்க வழி செய்த ஆணை அது. அன்று தமிழ் ஆட்சிமொழித் துறை அமைச்சராக இருந்தவர், நம் ஆவடித் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்ற திரு. க. பாண்டியராசன். நாம் மகிழ்ந்தோம். ஆனால் அந்தத் திங்கள் முடியுமுன்பே ஆணை திரும்பப் பெறப்பட்டது!

ஏன்? தமிழ்ப் பகைவர் தடுத்தனர் என்று மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நோக்கம் நன்று, செய்முறை பழுது. வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி எழுதி வைத்தார்கள். ஒலிக்கு எழுத்து இன்னது என்னும் ஒரே சீரான நெறி இல்லை. மக்கள் நகைத்தனர். அந்த நகைப்பிலே நல்ல நோக்கமும் அடித்துச் செல்லப்பட்டது. அரைகுறை வேலை, எதிரியின் வேலையைவிடக் கேடு பயக்கும் என்னும் பாடத்தை நாம் கற்க வேண்டும்.

பெயரை மீட்பது இயலாத செயலன்று. 'தமிழ்நாடு' என்னும் பெயருக்காகச் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து 1956-இல் உயிர் துறந்தார். 1967-இல் சட்டமன்றம் அப் பெயரை ஏற்றது. 1969-இல் அது நடைமுறைக்கு வந்தது. 1996-இல் 'மதராசு' சென்னையாயிற்று. கருநாடகத்தார் 2014 நவம்பர் முதல் நாளில் பெங்களூரு, மைசூரு, பெலகாவி உள்ளிட்ட பன்னிரு நகர்ப் பெயர்களைத் தம் மொழி ஒலிக்கு மாற்றிக்கொண்டனர். அங்கே வணிகம் நின்றதா? கணினித் தொழில் கெட்டதா? உலகமே அவர்கள் சொன்னவாறு எழுதக் கற்றுக்கொண்டது. நம் உயர்நீதிமன்றமோ ஆங்கிலத்தில் இன்னும் 'மதராசு' என்றே வழங்குகின்றது.

பெயரை மீட்காமல் விட்டவர்க்கும், மீட்க இயலாமல் போனவர்க்கும் என்ன நேரும் என்பதை ஈழம் காட்டிற்று. 1988-இல் தமிழரின் மணலாறு 'வெலி ஓயா' ஆக்கப்பெற்றது. பெயரை மாற்றியபின் மண் தமிழருடையது என்று மெய்ப்பிக்கும் சுமையும் தமிழர் தலைமேலேயே விழுந்தது. நம் நிலை அதுவன்று. நம் பெயர்ப்பலகைகளை மாற்றும் உரிமை நம் கையில் இருக்கின்றது. கையில் இருப்பதைப் பயன்படுத்தாதவன், இல்லாதவனைவிட இரங்கத்தக்கவன் அல்லனோ?

இனிச் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, ஒவ்வோர் ஊருக்கும் தமிழ் வடிவத்தை முடிவு செய்க. நாமே பூவிருந்தவல்லி என்றும் பூந்தமல்லி என்றும் எழுதுகின்றோம். ஊராரையும் கல்வெட்டறிஞரையும் புலவரையும் ஒன்றாக அமர்த்தி உறுதி செய்க. மக்கள் வாயிலே தேய்ந்த பெயர், ஆற்றிலே தேய்ந்த கூழாங்கல் போன்றது, அதில் இழிவில்லை. வேற்றுச் செவியிலே திரிந்த வடிவத்தைத்தான் நாம் மறுக்கின்றோம்.

இரண்டாவது, தமிழ் ஒலிக்கு ஆங்கில எழுத்து இன்னது என்னும் ஒரே அட்டவணையை வகுத்து, மக்கள் கருத்தைக் கேட்டபின் ஆணையாக்குக. பழைய பலகை பழுதாகும்போது புதிய பெயரை எழுதினால் செலவும் பெரிதாகாது.

மூன்றாவது, பொறிகளுக்குத் தமிழைக் கற்பிக்க வேண்டும். கைப்பேசியின் வழிகாட்டிப் படம் ஆங்கில எழுத்தை வைத்து ஒலித்தால், நம் ஊர்ப்பெயரை நம் பிள்ளைக்கே திரித்துச் சொல்லும். 1991 முதலே ஒருங்குறியில் தமிழ் எழுத்து இடம்பெற்றிருக்கின்றது. எழுத்து இல்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது. எழுதுவோர்தாம் இல்லை!

நான்காவது, அரசாணைக்குக் காத்திராதீர்கள். நாளை நீங்கள் எழுதும் முகவரி தமிழில் இருக்கட்டும். உங்கள் கடைப் பலகையில் ஊர்ப்பெயர் தமிழில் முதலில் நிற்கட்டும்.

இதே தொடர்வண்டி வழியில் இன்னும் சற்றுத் தொலைவு சென்றால் திருநின்றவூர். பொருளில்லாமையால் மனத்துள்ளேயே கோயில் கட்டிய பூசலார் வாழ்ந்த ஊர் அது. அவருக்கு வேறு வழியில்லை, மனத்துள் கட்டினார். நமக்கோ பலகை இருக்கின்றது, வண்ணம் இருக்கின்றது, வாக்கும் இருக்கின்றது. இவ்வளவும் இருந்தும் தமிழை மனத்துள் மட்டும் வைத்திருப்பது பத்திமையன்று, சோம்பல்!

திரும்பிச் செல்லும்போது அந்த மூன்று பலகைகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் குழந்தைக்கும் படித்துக் காட்டுங்கள். "இது பிழை, இதனை நாம் திருத்துவோம்" என்று சொல்லுங்கள். அச் சொல்லே இக் கூட்டத்தின் பயன்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!