மாதம் எழுபத்தைந்து ரூபாய்

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து பொடிநடையாகப் போனால் திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெரு வந்துவிடும். கணிதமேதை ராமானுஜன் அங்கே குடியிருந்தார்.

துறைமுக அலுவலகத்தில் அவர் குமாஸ்தா. சம்பளம் மாதம் 30 ரூபாய். கணக்கு எழுதக் காகிதம் வாங்கவே கையைக் கடிக்கும். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய கணக்குகளைப் பார்த்துவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். ராமானுஜனோ கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், பட்டம் கிடையாது. ஆனாலும் 1913 மே முதல் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது: மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. விதியை இப்படி வளைக்கலாம், தப்பேயில்லை!

ஒரே நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். முதல் அறிக்கையை ஆகஸ்டில் கொடுத்துவிட்டார். இன்றைக்கு நெட் தேர்வெழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குபவருக்கு மாதம் 37,000 ரூபாய். கூடவே வீட்டு வாடகைப்படி.

1914-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. அவர் செய்த முதல் ஏற்பாடு என்ன தெரியுமா? அதில் மாதம் 60 ரூபாயைப் பிடித்து, கும்பகோணத்தில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பச் சொன்னார்.